ஆறாம் வகுப்பும் ஆங்கிலமும்

(வலிகாமத்துக் கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இவ்வூர் வித்தியாசாலையின் ஆறாம் வகுப்பில் வரும் ஆண்டு தொடக்கம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கில மூலங் கற்பிக்க வேண்டுமெனப் பெற்றோரில் ஒரு சாரார் மனுவொன்று தயாரித்திருக்கின்றனர். மற்றொரு சாரார் அம்மனுவிற் கையொப்பமிடுவது தமிழுக்கு இழைக்குந் துரோகம் என்கின்றனர். இரு சாராரும் இம்மண்டபத்தில் இருப்பீர்கள் என்று செயலாளர் முன்னரே எனக்கு எழுதியிருந்தார். ஆண்டு விழாவென்றால் தமிழின் தொன்மையையும் இனிமையையும் அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டு மாலையோடு வீடு திரும்புவதே பேச்சாளருக்கு வசதியானது. இன்று அவ்வாறு செய்ய எனக்கு மனமில்லை. உங்கள் பிள்ளைகளின் ஐந்தாறு ஆண்டுகள் இந்த மனுவிலே தங்கியிருக்கின்றன. ஆகையால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதனைப் பெறுவதற்கு இம்மனு காட்டும் வழி பிழையான வழி.

மனுக்காரரின் பக்கத்தை முதலிற் பார்ப்போம். கையொப்பமிட்டவர்களுட் பெரும்பாலோர் வெங்காயமும் புகையிலையும் செய்கை பண்ணும் கமக்காரர். இவர்கள் தமிழை வெறுப்பவர்களா? மார்கழி மாதத்து விடியற்காலையிற் சங்கூதித் திருவெம்பாவை பாடிக்கொண்டு வீதிவலம் வருகின்றவர்கள் இவர்களே. இவர்கள் கண்ணாற் கண்டது வேறு. தமிழிற் படித்து உயர்தரப் பரீட்சையிற் சிறந்த சித்தி பெற்ற பிள்ளை மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ போனவுடன் முதல் நாள் விரிவுரையே ஆங்கிலத்தில் நடக்கின்றது. தமிழிற் கலைப்பட்டம் பெற்ற அயல்வீட்டுப் பிள்ளை அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றது. கொழும்புக் கம்பனிகள் நேர்முகப் பரீட்சையை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. இவற்றைக் கண்ட தகப்பன், "என் பிள்ளைக்கும் அந்தத் திறப்பு வேண்டும்" என்று கேட்பதிற் குற்றம் என்ன?

அவரைத் துரோகி என்பவர் தம்முடைய பிள்ளைகள் எந்தப் பாடசாலையில், எந்த மொழியிற் படிக்கின்றனர் என்பதை முதலிற் சொல்லட்டும். தமிழுக்கு உயிரையுங் கொடுப்போம் என்று மேடையில் முழங்கிவிட்டு, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சர்வதேசப் பாடசாலைக்குப் பிள்ளையை மோட்டார் வண்டியில் அனுப்பிவைக்கும் கனவான்களை நாமறிவோம். இம்மனுவைக் கண்டிக்க அவர்களுக்கு யாதொரு உரிமையுமில்லை. எனக்கு உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். என் மக்கள் இருவரும் தமிழ் மூலமே படித்தவர்கள். அந்தத் துணிவிலேதான் பேசுகின்றேன்.

நம் இளைஞருட் பலர், தாய்மொழிமூலக் கல்வி 1956ஆம் ஆண்டின் அரசியலோடு வந்ததென்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அஃது உண்மையன்று. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்கள் தொடக்கம் இந்நாட்டில் ஆங்கிலமே உத்தியோகத்தின் வாசற்படியாக இருந்தது. ஆங்கிலப் பாடசாலையிற் படிப்பதற்குப் பணங் கட்ட வேண்டும். சுயபாஷைப் பாடசாலையில் இலவசம். கட்ட முடிந்தவன் வைத்தியனும் நியாயவாதியும் லிகிதனும் ஆனான். கட்ட முடியாதவன், எத்தனை கூர்மையான மூளை படைத்தவனாயினும், தமிழ் ஆசிரியனாகவோ நாட்டு வைத்தியனாகவோ வரலாம். அதற்கப்பால் அவனுக்குப் பாதையில்லை. 1948இற் சுதந்திரம் வந்தபோது இந்நாட்டில் ஆங்கிலம் எழுத வாசிக்க அறிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேருங்கூட இல்லை. அந்தச் சிறு தொகையினர் மற்றை எல்லோரையும் ஆண்டனர்.

இந்த அநீதியை எதிர்த்தவர்களுள் யாழ்ப்பாணத்தார் முன்வரிசையில் நின்றனர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாகிய இயக்கத்தையும் ஹன்டி பேரின்பநாயகம் அவர்களையும் இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1944 மே மாதத்தில் அரசாங்க சபையிலே திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணை விவாதிக்கப்பட்டது. ஆதியிற் சிங்களத்தை மட்டுமே குறித்து எழுந்த பிரேரணை அது. திருகோணமலை - மட்டக்களப்புப் பிரதிநிதி திரு. வி. நல்லையா கொணர்ந்த திருத்தத்தினால் தமிழும் அதிற் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. ஆண்டுக்காண்டு அது மேல் வகுப்புகளுக்கும் ஏறியது. இந்த மண்டபத்தில் இருக்கும் எஞ்சினியர்களும் வைத்தியர்களும் கணக்காளர்களும் தத்தம் தந்தையர் யாரென்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். துலா மிதித்தவர்களின் மக்கள் நீங்கள். 1945க்கு முன்னர் இருந்த ஏற்பாடு நீடித்திருந்தால் உங்களிற் பலர் இன்று மேடைக்கு முன்னால் இந்த வரிசையில் இருந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு என்ன நடந்தது? தாய்மொழியிற் கற்பிப்போம் என்ற வாக்குறுதிக்குள்ளே, அந்த மொழியிலேயே அரசாங்கக் கருமமும் நடக்கும் என்ற வாக்குறுதியும் அடங்கியிருந்தது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அதனை முறித்தது. தமிழ்ப் பிள்ளைக்குக் கல்விமொழி தமிழ், கருமமொழி சிங்களம், மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலம். ஏணியின் கீழ்ப்படிகளை ஒரு மரத்திலும், நடுப்படிகளை வேறொரு மரத்திலுஞ் செய்து, மேற்படிகளை மற்றவன் வீட்டில் வைத்துப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது. 1987இற் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் ஏறியதெல்லாம் கந்தோர் மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதைத் தென்னிலங்கையில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு எழுதுவித்தவர்கள் அறிவர். தமிழ்மூலக் கல்வியில் நம் கமக்காரர் நம்பிக்கை இழந்தமைக்கு மூலகாரணம் இதுவே. தமிழின் வலுக்குறைவு காரணமன்று.

மற்றொரு பிழை நம் இரு இனத்தாருக்கும் பொதுவானது. ஆங்கிலத்தைப் போதனாமொழி என்ற ஆசனத்திலிருந்து இறக்கியதோடு, பாடம் என்ற அளவிலும் அதனைப் பேணாமல் விட்டோம். பட்டினத்துப் பெரிய கல்லூரிகளில் ஆங்கில ஆசிரியர் இருந்தனர். வசதியுள்ள வீடுகளில் ஆங்கிலம் பேச்சிலே உயிர்வாழ்ந்தது. கிராமத்துப் பாடசாலையில் நேரசூசியில் மட்டும் ஆங்கிலம் இருந்தது. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளின் நிலைமையை நான் இங்கு விரிக்கவில்லை. அங்கே ஆங்கில ஆசிரியர் கிடக்கட்டும், கணித ஆசிரியரே அரிது. சிங்கள இளைஞர் ஆங்கிலத்துக்குச் சூட்டிய பெயர் 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். தங்கள் கழுத்தை வெட்ட மற்றவன் கையிலிருக்கும் வாள் என்று அவர்கள் கருதினர். தமிழ் இளைஞர் அப்படியொரு பெயர் வைக்கவில்லை, வெட்டு ஒன்றுதான்.

ஆகவே ஆங்கிலம் வேண்டுமா என்பது கேள்வியன்று. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பித்தால் ஆங்கிலம் வருமா? அப்பொழுது கணிதமும் விஞ்ஞானமும் எஞ்சுமா? இவையே கேள்விகள்.

2001இல் உயர்தர வகுப்பிலும், பின்னர் ஆறாம் வகுப்பிலும், தெரிந்தெடுத்த பாடசாலைகளில் அரசாங்கம் ஆங்கிலமூல வகுப்புகளை அனுமதித்தது. அத்தகைய வகுப்பொன்றைப் பின் வாங்கிலில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பாடசாலையின் பெயர் வேண்டாம். அங்குள்ள ஆசிரியை திறமைசாலி. ஆனால் தாமும் தமிழ்மூலம் படித்தவர். புத்தகத்தில் உள்ள ஆங்கில வசனத்தை வாசித்தார், தமிழில் விளக்கினார், பின்னர் ஆங்கில விடையைக் கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் அதனைப் பிரதி பண்ணினர். வகுப்பு முடிந்தபின் ஒரு சிறுமியிடம், "ஒளித்தொகுப்பு என்றால் என்ன, பிள்ளை?" என்று தமிழிற் கேட்டேன். விழித்தாள். அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னதும் நான்கு வரி விடையை மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். இலை உணவு தயாரிக்க எதனை எடுக்கின்றது என்று ஆங்கிலத்திற் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டேன். மீண்டும் அதே நான்கு வரிகள் வந்தன. அவள் விஞ்ஞானத்தையும் கற்கவில்லை, ஆங்கிலத்தையும் கற்கவில்லை. பரீட்சையிற் சித்தியெய்துவாள் என்பதிற் சந்தேகமில்லை. குற்றம் ஆசிரியையுடையதுமன்று, சிறுமியுடையதுமன்று.

பிற நாடுகள் இவ்விடயத்திற் கண்டது என்ன? நைஜீரியாவில் இலே-இஃபே என்னும் நகரில் 1970ஆம் ஆண்டிலே பேராசிரியர் பாப்ஸ் பபுன்வா ஒரு பரிசோதனையைத் தொடக்கினார். அந்நாடும் நம்மைப் போலவே ஆங்கிலேயரின் கீழிருந்த நாடு. அங்கே முதல் மூன்று ஆண்டு யொருபா மொழியிலும், நாலாம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலத்திலும் கற்பிப்பது வழக்கம். பபுன்வா ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு வழக்கப்படியும், மற்றொரு தொகுதிக்கு ஆறாண்டும் யொருபா மொழியிலேயும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். இரண்டாந் தொகுதியினருக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக, அதற்கென்றே பயிற்றப்பட்ட ஆசிரியரால் ஊட்டப்பட்டது. ஆறாண்டின் முடிவில் தாய்மொழியிற் கற்றவர்கள் ஏனைய பாடங்களில் முந்தி நின்றனர். அது எதிர்பார்த்ததே. ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை என்பதே பலரை வியக்க வைத்தது. விளங்கிக் கற்கும் பழக்கம் பிள்ளைக்கு ஒருமுறை உண்டாகிவிட்டால் அது எந்தப் பாடத்துக்கும் உதவும். அந்நிய மொழியும் ஒரு பாடமே.

மலேசியாவின் கதை நமக்கு இன்னுங் கிட்டியது. 2003இல் அந்நாட்டு அரசாங்கம் எல்லாப் பாடசாலைகளிலும், தமிழ்ப் பாடசாலைகள் உட்பட, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. உங்கள் மனுவும் அதே இரண்டு பாடங்களையே கேட்கின்றது. பணத்துக்கும் புத்தகத்துக்கும் அங்கே குறைவில்லை. இருந்தும் பட்டினத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் கூடிற்று என்ற முறைப்பாடு ஓயவில்லை. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து, 2012 தொடக்கம் படிப்படியாகத் திரும்பினர். பின்னர் 2016இல், விரும்பிய, தகுதியுள்ள பாடசாலைகளுக்கு மட்டும் ஆங்கிலத்தைத் தெரிந்துகொள்ள இடமளித்தனர். பட்டினத்துப் பாடசாலைகளுக்கு அஃது ஓரளவு பொருந்தியது என்பதையும் நான் மறைக்கவில்லை. வீட்டிலே ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு வகுப்பறை ஆங்கிலம் சுமையாகாது. உங்கள் வீடுகளில் எத்தனையில் ஆங்கிலம் ஒலிக்கின்றது?

ஜப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870களின் தொடக்கத்தில் மோரி அரினோரி என்ற ஜப்பானிய ராஜதந்திரி, தம் நாட்டார் முன்னேற வேண்டுமாயின் ஆங்கிலத்தையே கல்விமொழியாக ஏற்க வேண்டுமென எண்ணி, அமெரிக்க மொழியறிஞர் விட்னி என்பாரின் அபிப்பிராயத்தைக் கேட்டார். அமெரிக்கரான அவரே அந்த யோசனையைத் தடுத்தார். அவ்வாறு செய்தால் ஆங்கிலம் அறிந்த சிறு வகுப்பொன்றும் அறியாத பெருந்திரளும் உண்டாகும் என்பது அவர் கண்ட ஆபத்து. ஜப்பானியர் தங்கள் மொழியிலே எஞ்சினியரிங் படித்துச் செய்த மோட்டார் வண்டியில் ஏறி வந்துதான் நம்மவர் சிலர் தமிழில் விஞ்ஞானம் முடியாதென்று பிரசங்கஞ் செய்கின்றனர்.

ஜப்பானுக்குப் போவானேன்? மானிப்பாய்க்குப் போவோம். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேதான் மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். அவர்கள் நன்றாகவே கற்றனர். கற்று முடிந்ததும் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போயினர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். கிறீன் இதனைக் கவனித்தார். 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பித்தார். தமிழ் கற்று, தமிழ்ப் பண்டிதரையும் மாணவரையும் துணைக்கொண்டு நூல்களைப் பெயர்த்தார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' ஆகிய நூல்கள் அந்த உழைப்பின் விளைவு. உடற்கூறும் சத்திர சிகிச்சையும் இரசாயனமும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மண்ணில், மாட்டுவண்டிக் காலத்தில், தமிழிற் கற்பிக்கப்பட்டன. கிறீன் தமிழரல்லர்; தமிழ்ப்பற்றினாலும் அவர் அதைத் தொடங்கவில்லை. கற்றவன் ஊரில் நிற்க வேண்டும், கற்றது ஊராருக்கு விளங்க வேண்டும் என்ற கணக்கே அவருடையது.

வட்டுக்கோட்டைச் செமினரியைச் சொல்லி எனக்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. 1823இல் நிறுவப்பட்ட அக்கல்விச்சாலையில் ஆங்கிலத்திற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். அவரே பின்னர் கலித்தொகையை அச்சேற்றித் தமிழைக் காத்தார். ஆகவே ஆங்கிலக் கல்வி தமிழுக்கு உரமே என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால் பிள்ளையவர்கள் செமினரிக்குப் போகுமுன் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றுத் தேறியவர் என்பதையுஞ் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடித்தளம் எங்கே போடப்பட்டது என்பதே என் கேள்வியும்.

இனி உங்கள் கிணற்றடிக்கு வருகின்றேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நம் குடாநாட்டில் இல்லை. மாரி மழை செம்பாட்டு மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கீழே கடலிலிருந்து புகுந்த உவர்நீர். அதன்மேலே, பாரங் குறைந்தமையால் மிதக்கும் நன்னீர். துலாவினால் இறைத்த காலத்தில் அந்த நன்னீர்ப் படைக்குப் பெரிய சேதம் வரவில்லை. இயந்திரத்தினால் மட்டுமீறி இறைக்கும்போது கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறுகின்றது. ஏறியது எளிதில் இறங்காது. வெங்காயப் பாத்திக்கு அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா, பயிர் எடுத்தது போக, நைத்திரேற்றாகி அதே வெடிப்புகளினூடாகக் குடிக்கும் கிணற்றுக்குப் போய்ச் சேருகின்றது. லீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரம்பு. மிஞ்சினால், பால் கரைக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீட்டிலே கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. குழந்தை நீலம் பாரிக்கின்றது.

இதனைத் தமிழிற் கற்ற பிள்ளை அன்று மாலையே தோட்டத்துக்கு வந்து, "அப்பா, ஏன் இவ்வளவு பசளை போடுகிறீர்கள்? இது எங்கள் கிணற்றுக்குத்தானே போகிறது" என்று கேட்கும். தகப்பன் ஏசக்கூடும், ஆனால் விளங்கிக்கொண்டுதான் ஏசுவார். மறுநாள் தாய் கேட்பாள். பாடசாலையிற் சொல்லிய ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மனனஞ் செய்த பிள்ளைக்கு, பரீட்சைத் தாளில் வரும் அந்தச் சொல்லும் தன் வீட்டுக் கிணறும் ஒன்றென்றே தோன்றாது. தோன்றினாலும் அதைத் தகப்பனுக்குச் சொல்ல அதனிடம் வார்த்தையில்லை. பிள்ளை படிக்கும், குடும்பம் படிக்காது. உங்கள் தண்ணீரைப் பற்றிய அறிவு உங்களுக்கு விளங்காத மொழியில் உங்கள் பிள்ளையின் கொப்பியிலே பூட்டிக் கிடப்பதை நீங்கள் விரும்புகின்றீர்களா?

தமிழிலே கலைச்சொல் கரடுமுரடாக இருக்கின்றதென்று சிலர் முறையிடுகின்றனர். காபனீரொட்சைட்டு என்று சொல்ல நாக்குச் சுளுக்குமாம். ஆங்கிலப் பிள்ளைக்கும் அவனுடைய சொல் முதல் நாள் சுளுக்கத்தான் செய்தது. சுவாமி விபுலாநந்தர் போன்ற, விஞ்ஞானமும் தமிழுங் கற்ற பெரியோர் இத்துறையிற் பாடுபட்டனர். அரசகரும மொழித் திணைக்களமும் உயர்தர வகுப்புக்கான நூல்களைத் தமிழில் வெளியிட்டது. எனக்குள்ள மனக்குறை வேறு. நாம் பௌதிகவியல் என்கின்றோம், தமிழ்நாட்டார் இயற்பியல் என்கின்றனர். நாம் இரசாயனவியல் என்பது அங்கே வேதியியல். பாக்குநீரிணைக்கு இருபுறமும் ஒரே மொழியாருக்கு இரண்டு விஞ்ஞானம்! அத்துடன், சிங்கள மூலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்படும் நம் பாடநூல்களிலே, தமிழறிந்தவனுக்கும் விஞ்ஞானமறிந்தவனுக்கும் ஒருங்கே விளங்காத வசனங்கள் வந்துவிடுகின்றன. தமிழ்க் கல்விக்காகப் போராட விரும்பும் இளைஞருக்கு இது நல்ல களம். மனுக்காரரை ஏசுவதைவிடப் பயன் தரும்.

கனவான் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் மற்றொரு நியாயத்தைச் சொன்னார். 1970இற்கும் பின்னும் நடந்த சர்வகலாசாலை அனுமதியிலே, தமிழ்மூலம் எழுதிய மாணவன் சிங்களமூலம் எழுதியவனிலும் கூடிய புள்ளி பெற்றாலன்றி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இடமில்லை என்றாக்கினார்கள்; எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அவ்வாறு பிரித்தறிய முடிந்திருக்குமா என்பது அவர் கேள்வி. அந்தக் காயத்தை நானும் மறக்கவில்லை. நம் பிள்ளைகளின் ஒரு தலைமுறையையே அது திசை திருப்பியது. ஆனால் போதனாமொழி அங்கே கைக்கு அகப்பட்ட அடையாளம் மாத்திரமே. வேறொன்று வேண்டியிருந்தால் பெயரையும் ஊரையும் பார்த்திருப்பார்கள். மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது ஊரைத்தானே பார்த்தார்கள்? அநீதி செய்யத் துணிந்தவனுக்குப் பயந்து நம் மொழியை மறைத்து வைப்பதால் அநீதி மறையாது. தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை நமக்கு எழுதித் தந்திருக்கின்றது. அதனை நாமே கைவிடுவோமாயின், மீண்டும் கேட்கும்போது "நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள்" என்பார்கள்.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு என்ன வழி? இவ்வித்தியாசாலையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆங்கில ஆசிரியர் ஒருவரே இருக்கின்றார். அவரும் சென்ற ஆண்டில் ஐந்து மாதம் வேறு பாடசாலைக்கு இணைக்கப்பட்டிருந்தார் என்று அதிபர் சொன்னார். ஆங்கிலத்தையே கற்பிக்க ஆளில்லாத இடத்தில் ஆங்கிலத்தினால் விஞ்ஞானம் கற்பிக்க ஆள் எங்கிருந்து வரும்? கேட்க வேண்டியது இதனையே. நிரந்தரமான ஆங்கில ஆசிரியர் மூவர். மூன்றாம் வகுப்புத் தொடக்கம் நாள்தோறும் ஒரு முழுப் பாடவேளை. இலக்கண விதியை ஒப்புவிப்பதைக் குறைத்துப் பேச்சுக்கும் வாசிப்புக்கும் முதலிடம். தமிழிற் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர், ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்திலே அதன் ஆங்கிலப் பெயரையும் கரும்பலகையில் எழுதட்டும். ஐந்து ஆண்டில் பிள்ளையின் கையில் இருமொழி அகராதியே சேர்ந்துவிடும். உயர்தரப் பரீட்சைக்கும் சர்வகலாசாலை அனுமதிக்கும் இடையில் நம் பிள்ளைகள் மாதக்கணக்காக வீட்டிலே சும்மா இருக்கின்றனர். அந்த மாதங்களில் ஆங்கில நூல்களை வாசிக்கப் பழக்கினால் முதல் நாள் விரிவுரை அவர்களை மிரட்டாது.

இதற்கெல்லாம் அரசாங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்பதுமில்லை. இவ்வூரில் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர் நால்வரும், கொழும்புக் கந்தோர்களில் ஆயுளைக் கழித்துத் திரும்பிய பெரியவர்கள் பலரும் இருக்கின்றனர். மாலை வேளையில் ஆங்கிலப் பத்திரிகையைத் தமக்குள் வாசித்துவிட்டு மடித்து வைக்கின்றனர். வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி உரக்க வாசித்தால் என்ன? கட்டடம் இருக்கின்றது, மின்விளக்கு இருக்கின்றது. பிறநாடுகளிலுள்ள ஊரவர் கோபுரத் திருப்பணிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கைப் புத்தகத்துக்குக் கேட்டாற் கொடுக்காமல் விடுவார்களா?

ஆங்கிலத்தில் விஞ்ஞானம் போதிக்கும் வல்லமையுள்ள ஆசிரியர் நாளையே வந்துவிட்டால் உன் கருத்து மாறுமா என்று மனுக்காரர் கேட்கலாம். உயர்தர வகுப்பைப் பொறுத்தவரை ஓரளவு மாறும். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தமிழிலே பொருள் விளங்கி நின்றிருக்கும், அதன்மேல் ஆங்கிலத்தை ஏற்றலாம். ஆறாம் வகுப்பைப் பொறுத்தவரை மாறாது.

உங்கள் மனுவைக் கிழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. செயலாளரும் அதிபரும் நானும் நேற்றிரவு இருந்து, அதே முகவரிக்கு வேறொரு மனு எழுதியிருக்கின்றோம். மூன்று ஆங்கில ஆசிரியரைக் கேட்கின்றோம். இருப்பவரை இனி வேறிடத்துக்கு இணைக்கக் கூடாதென்கின்றோம். போதனாமொழி தமிழாகவே இருக்கும் என்று முதல் வரியிலேயே குறித்திருக்கின்றோம். மண்டப வாசலிலுள்ள மேசையில் அது விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது. பக்கத்திலே மற்றொரு தாளும் உண்டு. மாலை வகுப்பில் வாசிக்க முன்வரும் பெரியவர்கள் பெயரும் வசதியான நாளும் எழுதுவதற்கு. கலைநிகழ்ச்சி தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகின்றார்.